பனிக்குள் மாட்டிய பன்னிரண்டு பைகள்

அர்னெல்,

ஃபிரிட்ஜில் உறைந்த பனியில் கத்தியை வைக்காதே. போன வருஷம் நீ குத்தியதில் ஃபிரிட்ஜ் ஓட்டையாகி கேஸ் போனது நினைவிருக்கட்டும்.

திருவிழாவில் விற்க ஐஸ் பைகளைத் திணித்தாய். கதவு மூடவில்லை என்றேன். "ஐஸ் பெட்டியில ஐஸ் கட்டாம பின்ன என்னடி கட்டும்?" என்று சிரித்தாய். இப்போது பாப்பாவுக்கு நான் பீய்ச்சி வைத்த பால் பன்னிரண்டு பையும் பாறை மாதிரி பனிக்குள் மாட்டிக்கொண்டது. சுரண்டியதில் என் நகம்தான் பிய்ந்தது. என்னைத் துறைமுகத்துக்கு ஏற்றிப்போக வண்டி வந்து நிற்கிறது.

பிளக்கைப் பிடுங்கு. கதவைத் திறந்து, உள்ளே ஒரு சட்டி வெந்நீர் வை. ஆறினால் மாற்று. பை கழன்றதும் பால் இளகுவதற்குள் பக்கத்து வீட்டு பெபாங் அக்காவின் ஃபிரிட்ஜுக்கு ஓடு. அவரிடம் கெஞ்சிவிட்டேன்.

அடுப்பின் மேல் உனக்குச் சோறும் பொரித்த மீனும் இருக்கின்றன. நேற்று கோபத்தில் நான் பேசியதை மறந்துவிடு.

யோலி

பி.கு.: தினம் ஒரு பைதான் கொடு, மற்ற வேளைக்கு டப்பா பால். இரண்டு வருஷம் ரியாத்தில் யார் வீட்டுக் குழந்தைக்கோ பால் கலக்கப் போகிறேன். அதில் பன்னிரண்டு நாளாவது என் மகள் என் பாலைக் குடிக்கட்டும்.