அக்கா ஏறுவதற்கு ஒரு ஸ்டாண்டு

மேரியன் பெண்ட், அலபாமா
செப்டம்பர் 14, ஞாயிறு

அன்புள்ள வெர்லீன் அக்காவுக்கு,

நெல்டா எழுதிக்கொள்வது. இங்கே நானும் கர்ட்டிஸும் சுகம். உன் கோழிகளும் சுகம். என் புருஷனைத் தவிர மற்ற எல்லோரிடமும் அவை மரியாதையாகத்தான் நடந்துகொள்கின்றன. அவர் முட்டை எடுக்கப் போனால் மட்டும் சேவல் துரத்துகிறது. ஹூஸ்டனில் உனக்குக் கொடுத்திருக்கும் அறையில் ஏசி வேலை செய்கிறதா? ஆஸ்பத்திரிக்கு நடந்தே போகிற தூரம்தானா? ரேடியேஷன் வைத்த இடம் எரிகிறது என்று எழுதியிருந்தாய். அவர்கள் கொடுத்த களிம்பை ஒழுங்காகத் தடவு. "அதெல்லாம் தானா சரியாயிடும்" என்று உட்கார்ந்திருக்காதே.

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. ஸ்கூல் பஸ்ஸை ஓட்டிக்கொண்டு போய் வாசலில் நிறுத்திவிட்டு, பிள்ளைகள் வெளியே வருவதற்குள் படித்துவிடலாம் என்று பிரித்தேன். ஏன்டா பிரித்தோம் என்று ஆகிவிட்டது. மரத்தில் ஏறி உட்காருகிற பழைய ஸ்டாண்டை விற்றுவிடு, துப்பாக்கியைக் கர்ட்டிஸ் வைத்துக்கொள்ளட்டும், சொந்த ஸ்டாண்டைத் தானே தூக்கிக்கொண்டு நடக்க முடியாதவளுக்கு மான் வேட்டையில் என்ன வேலை என்று எழுதியிருக்கிறாய். அக்கா, எனக்கு வந்த கோபம் உன் நோயின் மேல் இல்லை, உன் மேல்தான். இடது மார்பை எடுத்தார்கள், அக்குளில் இருந்த கட்டிகளை எடுத்தார்கள், அந்தப் பக்கத்துக் கையின் பலமும் போயிற்று. அந்தப் பிடிவாதத்தையும் கையோடு எடுத்திருக்கக் கூடாதா?

கர்ட்டிஸ் உடனே, "அவ்வளவுதானே, நான் தூக்கிட்டு வர்றேன்னு எழுது" என்றார். என் அக்காவோடு இத்தனை வருஷம் பழகிய மனுஷன் பேசுகிற பேச்சா இது? இந்த ஊரில் எவளும் எவனும் தன் ஸ்டாண்டை அடுத்தவன் முதுகில் ஏற்றியது கிடையாது. நீ ஏற்றுவாயா? "அவ ஸ்டாண்டைத் தூக்கினீங்கன்னா உங்களையும் சேத்து ஆத்துல தூக்கிப் போட்டுடுவா" என்று சொல்லிவிட்டேன்.

ஆனால் அந்த நிமிஷமே எனக்கு ஒன்று தோன்றிவிட்டது. உன்னால் தூக்க முடியவில்லை என்றால் கோளாறு உன்னிடம்தான் இருக்க வேண்டுமா? அந்த இரும்புப் பூதத்திடம் இருக்கக் கூடாதா? உன் கொட்டகைக்குப் போய் அதைத் தூக்கிப் பார்த்தேன். இரண்டு கையும் நன்றாக இருக்கிற எனக்கே முதுகு பிடித்துக்கொண்டது. முப்பத்துமூன்று பவுண்டு. இதைச் சுமந்துகொண்டு காட்டு கேட்டிலிருந்து ஆற்றுப் பள்ளம் வரைக்கும் ஒன்றரை மைல் இத்தனை வருஷம் நீ நடந்திருக்கிறாய். உன் மண்டையில் அடிக்க வேண்டும்.

சனிக்கிழமை காலையில் ஓடெல் கடைக்குப் போனேன். சுவரில், குறி தவறியவர்களின் சட்டையிலிருந்து வெட்டிய வால் துண்டுகள் அப்படியே தொங்குகின்றன. மானைக் கோட்டைவிட்டவர்கள் பட்டியலில் என் பெயர் எழுதிய துண்டுகள் மூன்று. உன் பெயரில் ஒன்றுகூட இல்லை என்பதை ஓடெல் வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். உனக்கு லேசான ஸ்டாண்டு வேண்டும் என்றதும் மனுஷன் உற்சாகமாகிவிட்டார். புதிதாக வந்த அலுமினிய ஸ்டாண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, மீன் நிறுக்கிற தராசில் மாட்டித் தொங்கவிட்டார். கடைசியாக ஒன்றை மாட்டினார் பார், முள் பதினாலில் நின்றுவிட்டது. "இதைவிட லேசா வேணும்னா உங்கக்கா குருவியாத்தான் பொறக்கணும்" என்றார்.

இரண்டு விரலால் தூக்கினேன் அக்கா. சத்தியமாக இரண்டே விரல். அங்கேயே வாங்கிவிட்டேன். பிக்கப் வண்டியில் என் பக்கத்துச் சீட்டில் வைத்து, பெல்ட் போட்டுக் கூட்டிவந்தேன். வீட்டு வாசலில் நின்று பார்த்த கர்ட்டிஸ், யாரோ விருந்தாளி வருகிறார் என்று சட்டை மாட்டப் போய்விட்டார்.

எதையும் விற்கப் போவதில்லை. களிம்பைத் தடவு.

இப்படிக்கு,
தராசு முள்ளைப் பார்த்த சந்தோஷத்தில்,
நெல்டா


மேரியன் பெண்ட்
அக்டோபர் 5

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் ஒரு கெட்ட செய்தி. அந்தப் பதினாலு பவுண்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். வருத்தப்படாதே, இதைவிட நல்ல செய்தி பின்னால் வருகிறது.

நடந்தது இதுதான். ஸ்டாண்டு லேசு, சந்தேகமே இல்லை. ஆனால் மாட்டிக்கொண்டு நடப்பதற்கு மட்டும் யாரும் ஸ்டாண்டு வாங்குவதில்லையே, மரத்தில் ஏறவும் வேண்டும். உனக்கு எப்படி இருக்கும் என்று பார்க்க, கர்ட்டிஸின் பெல்ட்டை எடுத்து என் இடது கையை உடம்போடு சேர்த்துக் கட்டச் சொன்னேன். அவர் கட்டிக்கொண்டே, பக்கத்து வீட்டில் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று புலம்பினார். வீட்டுக்குப் பின்னால் இருக்கிற பைன் மரத்தில் மாட்டிக்கொண்டு ஏற ஆரம்பித்தேன்.

ஒரு முழம்கூட ஏற முடியவில்லை. அவ்வளவு லேசாக எப்படிச் செய்தார்கள் என்று அப்போதுதான் புரிந்தது. உட்கார்ந்து எழுந்து ஏறுகிற பெரிய சட்டத்தையே எடுத்துவிட்டிருக்கிறார்கள். மேல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து, முழங்கையை ஊன்றி, உடம்பை நாமே தூக்கினால்தான் கால்பலகை மேலே வரும். எடையைக் குறைத்து, அந்த எடையை நம் தோளில் போட்டிருக்கிறார்கள். வீட்டுக்குள் போய்க் கொஞ்ச நேரம் அழுதேன். யாரிடமும் சொல்லாதே.

மறுநாள் ஓடெலிடம் போய்ச் சண்டை பிடித்தேன். "லேசா வேணும்னு கேட்ட, கொடுத்தேன். ஒரு கைன்னு நீ சொல்லவே இல்லையேம்மா" என்றார். உண்மைதான், சொல்லவில்லை. உன்னைக் கேட்காமல் உன் உடம்பைப் பற்றிக் கடையில் நின்று பேச எனக்கு வாய் வரவில்லை. அன்றைக்குத்தான் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அப்புறம் கடைக்கு வெளியே நட்டிருக்கிற பழைய விளக்குக் கம்பத்தில் மற்ற ஸ்டாண்டுகளை ஒவ்வொன்றாக மாட்டிவிட்டார். நீ ஏறிப் பாரு, வாடிக்கையாளர்கள் காத்திருக்கட்டும் என்றார்.

கையைக் கட்டிக்கொண்டு ஒரு மத்தியானம் முழுக்க அந்தக் கம்பத்தில் ஏறி இறங்கினேன். பெட்ரோல் போட வந்தவர்கள் எல்லாம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். என் பஸ்ஸில் வருகிற இரண்டு பெண்பிள்ளைகள் கைதட்டினார்கள். மூன்றாவது ஸ்டாண்டில் கிடைத்தது அக்கா. மேலே அகலமான சீட்டு. உட்கார்ந்துகொண்டு கீழ்ப்பலகையைப் பாதத்தில் மாட்டி மேலே இழுக்க வேண்டும். பிறகு எழுந்து நின்று சீட்டை ஒரு கையால் மேலே தள்ள வேண்டும். மறுபடி உட்கார வேண்டும். நீ நூறு தடவை செய்த வேலைதான். ஆனால் இதில் பாரம் முழுக்கத் தொடையில், இடது கைக்கு வேலையே இல்லை. கம்பளிப்புழு மாதிரி ஏறி உச்சியில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. சீட்டுக்கு முன்னால் ஒரு குறுக்குக் கம்பி, பஞ்சு சுற்றியது. துப்பாக்கியை அதன்மேல் சாய்த்துக்கொள்ளலாம். இடது கையால் தாங்கிப் பிடிக்கவே வேண்டாம். வலது தோளும் வலது கையும் போதும். அவை இரண்டும் உனக்கு நன்றாகத்தான் இருக்கின்றன. கம்பத்தின் உச்சியிலிருந்தே ஓடெலுக்கு இதைக் கத்திச் சொன்னேன்.

எடை இருபது பவுண்டு. பதினாலு இல்லைதான். தோள்பட்டை வார் உன் தையல் மேல் உரசும் என்று எனக்குத் தெரியும். அதனால் பழைய முதுகுப்பையிலிருந்து இடுப்பு பெல்ட்டை வெட்டி இதில் தைத்திருக்கிறேன். பாரம் இடுப்பில் இறங்குகிறது, வார் சும்மா பேருக்குத்தான். என் தையலைப் பற்றி எதுவும் சொல்லாதே.

உன் பதிலுக்காகக் காத்திருக்கிறேன். திட்டுவதானாலும் எழுது.

கம்பத்தில் ஏறித் தொடை நடுங்குகிற,
நெல்டா


மேரியன் பெண்ட்
நவம்பர் 2

என் அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. இரண்டே வரி. "ஸ்டாண்டுக்குப் போய் இவ்வளவு அலைவாயா, முட்டாள். கேட்டிலிருந்து பள்ளம் வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு நடந்து பார்த்தாயா?" இவ்வளவுதான். அந்தக் கேள்வியைப் படித்ததும் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே ஹார்ன் அடித்துவிட்டேன். வேண்டாம் என்கிறவள் வழியைப் பற்றிக் கேட்பாளா?

நடந்து பார்த்தேன். நேற்றுக் காலை, தன்னந்தனியாக, கையைக் கட்டிக்கொண்டு, முழுத் தூரமும். நடுவில் இரண்டு தடவை உட்கார்ந்தேன். நீயும் உட்காரலாம், மான் எங்கேயும் ஓடிவிடாது. பள்ளத்தில் நேரான பைன் ஒன்றைப் பார்த்து ஏறினேன். மேலே போகப் போக மரம் ஒல்லியாகும் என்பதை நினைவு வைத்து, கால்பலகையின் முன்பக்கம் சற்றுத் தூக்கியிருக்கிற மாதிரி கீழேயே மாட்டியிருந்தேன். உச்சியில் மட்டமாக வந்து நின்றது. பெருமையாக மூச்சு விட்டேன். சீட்டில் உட்கார்ந்து காலை நீட்டினேன்.

பலகை கீழே போய்விட்டது.

ஆமாம் அக்கா, அதேதான். மேல் பாகத்தையும் கீழ்ப் பாகத்தையும் சேர்த்துக் கட்டுகிற கயிற்றைக் கட்டவில்லை. ஒரு கையால் முடிச்சுப் போட வரவில்லை, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். முதல் வருஷம் ஏறுகிற பையன்கள் செய்கிற தப்பை இத்தனை வயதில் செய்தேன். பலகை மரத்தடியில் கிடக்கிறது, நான் இருபதடி உயரத்தில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருக்கிறேன். பாதுகாப்புக்குப் போட்ட இடுப்பு வார் மரத்தோடு பூட்டியிருந்தது, அதனால் விழ வழியில்லை. இறங்கவும் வழியில்லை. பள்ளத்தில் போனுக்கு சிக்னல் கிடையாது. கையை அவிழ்த்துக்கொண்டேன், அதை ஏமாற்று என்று சொல்லாதே.

எவ்வளவு நேரம் கத்தினேனோ தெரியாது. கடைசியில் வில்லும் கையுமாக வந்து சேர்ந்தவர் யார் தெரியுமா? நம் பாஸ்டர் டில்மேன். கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். "சிஸ்டர் நெல்டா, ஆண்டவர்கிட்ட ஏதாவது சொல்லணும்னா சர்ச்சுலயே சொல்லலாமே, இவ்வளவு தூரம் ஏறி வரணுமா" என்றார். சிரித்து முடித்த பிறகுதான் உதவி செய்தார். துப்பாக்கி தூக்குகிற கயிற்றைக் கீழே விட்டேன், அவர் பலகையைக் கட்டிவிட்டார், நான் இழுத்து, சீட்டில் வயிற்றை அழுத்திக் குனிந்து எப்படியோ மாட்டினேன். இன்றைக்குப் பிரசங்கத்தில் என்னைப் பெயர் சொல்லாமல் பேசினார். சபை முழுக்கத் திரும்பி என்னைத்தான் பார்த்தது.

ஆனால் இதில் நான் மாட்டிக்கொண்டதே நல்லது. நீ மாட்டிக்கொண்டிருந்தால்? சாயங்காலமே அந்தக் கயிற்றைத் தூக்கி எறிந்துவிட்டு, நாய்ச் சங்கிலிக்குப் போடுகிற கொக்கி இரண்டு வாங்கி ஒரு வாரின் இரு நுனியிலும் தைத்துவிட்டேன். ஒரு கையால் 'டக்' என்று மாட்டலாம். கண்ணை மூடிக்கொண்டு மாட்டிப் பார்த்தேன். குளிரில் கையுறை போட்டு மாட்டிப் பார்த்தேன். கர்ட்டிஸ் இடது கை மட்டும் வைத்து மாட்டினார், அவருக்கே வந்துவிட்டது என்றால் பார்த்துக்கொள்.

நடந்தாயிற்று, ஏறியாயிற்று, இறங்கியும் ஆயிற்று. இனி உன்னிடம் சொல்லச் சாக்கு ஒன்றும் மிச்சமில்லை.

கடைசி ரேடியேஷன் முடிந்ததும் மறுபடி ஸ்கேன் எடுப்பார்கள் என்று கர்ட்டிஸிடம் போனில் சொன்னாயாம். என்னிடம் சொல்லவில்லை. பரவாயில்லை. அதில் என்ன வரும் என்று நானும் கேட்கப் போவதில்லை. துப்பாக்கி சீசன் இந்த மாதம் நாலாவது சனிக்கிழமை திறக்கிறது, பிப்ரவரி பத்து வரைக்கும் இருக்கிறது. திறக்கிற அன்றைக்கு வர முடியாவிட்டால் கிறிஸ்துமஸுக்கு வா. அப்போதும் முடியாவிட்டால் ஜனவரியில் வா. கடைசி நாள் சாயங்காலம் வந்தாலும் வெளிச்சம் இருக்கும். அதுவரை நான் ஒரு மானையும் சுட மாட்டேன். உனக்குத்தான் தெரியுமே, குறி பார்த்தாலும் எனக்கு விழாது.

பள்ளத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பைன் பார்த்து வைத்திருக்கிறேன். உன்னுடையது ஆற்றைப் பார்த்தது, என்னுடையது மேட்டைப் பார்த்தது. ஆளுக்கொரு திசை, யார் குண்டும் யார் பக்கமும் வராது. நீ சுட வேண்டும் என்றுகூட இல்லை அக்கா. ஏறி உட்கார்ந்தால் போதும். தூங்கினாலும் சரி, கூடையில் கொண்டுவந்த பிஸ்கட்டையெல்லாம் நீயே தின்றாலும் சரி. நான் மேட்டையே பார்த்துக்கொண்டிருப்பேன். நடுவில் ஒரு தடவை தலையைத் திருப்பினால், பக்கத்து மரத்தில் உன் ஆரஞ்சு வேட்டைத் தொப்பி தெரிய வேண்டும். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

கர்த்தர் உன் கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். அந்த அறையில் நாற்காலி இல்லாவிட்டால் நின்றுகொண்டாவது இருக்கட்டும்.

வந்துவிடு அக்கா.

உன் தங்கை,
நெல்டா