முந்நூறு மீற்றர்

1996 ஒக்டோபர் 12, சனி

கனடாவில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து நகரான மார்க்கத்தில் உள்ள துப்பாக்கிக் கடைக்கு அண்ணாவுடன் போனேன். சுடப் பழகுவதற்குச் சின்ன ரைபிளே போதும், காசைக் குறிபார்க்கும் நல்ல ஸ்கோப்பில் போடுங்கள் என்றார் கடைக்காரர். எவ்வளவு தூரத்துக்கு என்று கேட்டார். முந்நூறு மீற்றர் என்றான் அண்ணா, யோசிக்காமலே.

ஊரில் தம்பி சூடுபட்டு விழுந்த கிணற்றடிக்கும் இராணுவ முகாமுக்கும் இடையே அதே தூரம்.

"என்னடி, முகம் கறுத்துப்போச்சு? பேப்பரைத்தானே சுடப்போறன்," என்று காரில் சிரித்தான்.

அவனால் அவனுக்கோ பிறருக்கோ ஆபத்தில்லை என்று லைசென்ஸ் படிவத்தில் நான் கையெழுத்திட வேண்டும். ஆபத்தில்லை என்றுதான் நம்புகிறேன். ஆனாலும் ஏன் அந்தத் தூரம் என்று கேட்காமல் கை எழவில்லை. கேட்பதென்றால் தம்பியின் பெயரைச் சொல்ல வேண்டும். ஆறு வருடமாக இந்த வீட்டில் யாரும் அதைச் சொன்னதில்லை.