மகேஷுக்கு ஞாபகம் இருக்கிறது

கல்கத்தா-29
19.9.2004

சிரஞ்சீவி மகேஷுக்கு அம்மா அநேக ஆசீர்வாதங்களுடன் எழுதுவது. இங்கே இருவரும் சௌக்கியம், உன் அப்பாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியில் தன் சமாசாரத்தைத் தனியாகச் சொல்கிறது. பூஜைக்கு ஒரு மாதம் இருக்கும்போதே தெருமுனையில் பந்தலுக்கு மூங்கில் நட்டுவிட்டார்கள், ரிக்‌ஷா உள்ளே வருவதில்லை. அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும், ராத்திரி வெறும் ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுக்காதே, ஒரு ரசமாவது வைத்துக்கொள்.

நீ ஈமெயிலில் அனுப்பிய கோர்ட் உத்தரவைக் கீழே கம்ப்யூட்டர் கடையில் அச்செடுத்து வந்தோம். அப்பா எந்தப் புத்தகமானாலும் கடைசிப் பக்கத்தை முதலில் படிக்கிறவர். கடைசி வரியில் 'மோஷன் டினைட்', அதாவது மனு நிராகரிக்கப்பட்டது என்று இருந்தது. "போச்சு, அந்த அம்மா கேஸைத் தள்ளிட்டான்" என்று காகிதத்தை மேஜையில் வைத்தவர் காப்பியைக்கூடத் தொடவில்லை. எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இருபது வருஷம் உழைத்த டோரதி அம்மாளை வயதாகிவிட்டது என்றுதான் உன் கம்பெனி வெளியே அனுப்பியது, அதற்கு நீ சாட்சி சொன்னாய் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து, "இவனுக்கு எதுக்கு ஊர்வம்பு, அந்தக் கேஸ் எப்படியாவது முடிஞ்சு தொலைஞ்சா தேவலை" என்று சொல்லிக்கொண்டிருந்தவர் இவர்தானே? முடிந்துவிட்டது என்று நினைத்ததும் ஏன் முகம் இப்படித் தொங்கிப்போயிற்று? காப்பியைச் சுடவைத்துக் கொடுத்தேன்.

சாயங்காலம் மேல் வீட்டு நிர்மால்ய பாபு, அலிப்பூர் கோர்ட்டில் வக்கீலாக இருக்கிறாரே, அவர் படித்துப் பார்த்துவிட்டு அப்பாவைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். "தாதா, மனு போட்டது கம்பெனி. விசாரணையே வேண்டாம், இந்தக் கேஸில் ஒன்றுமே இல்லை, இப்போதே முடித்துவிடுங்கள் என்று கேட்டார்கள். அதைத்தான் ஜட்ஜ் மறுத்திருக்கிறார். பௌதி, மிஷ்டி கொண்டு வாருங்கள்" என்று என்னிடம் இனிப்புக் கேட்டார். நான் சேமியாவை வறுக்கவே ஆரம்பித்துவிட்டேன். "இருங்கள், அந்த அம்மாள் இன்னும் ஜெயிக்கவில்லை, ஜூரி முன்னால் நின்று பேச வழி கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் அந்த ஊர் ஃபெடரல் கோர்ட்டில் வேலை சம்பந்தமான கேஸ்கள் பெரும்பாலும் இந்த வாசலிலேயே விழுந்துவிடுமாம்" என்றார். வாசல் தாண்டியதற்கும் பாயசம் உண்டு என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அவர் சொன்னதை நான் புரிந்துகொண்ட விதம் இது, தப்பானால் திருத்து. இந்தக் கட்டத்தில் ஜட்ஜ் யார் சொல்வது உண்மை என்று தீர்மானிப்பதில்லை. இரண்டு பக்கத்துக் காகிதங்களையும் பார்த்து, நியாயமான நாலு பேர் இதைக் கேட்டால் அந்த அம்மாள் சொல்வதை நம்ப இடம் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறார். இடம் இருந்தால் ஜூரி என்று அந்த நாலு பேரையே வரவழைத்துத் தீர்மானிக்க விட்டுவிடுகிறார். அப்படி நம்ப இடம் எது என்று அவர் எழுதியிருப்பதைப் படித்தபோது எனக்கு நான் பாடம் நடத்திய ஏழாம் வகுப்புதான் ஞாபகம் வந்தது. கீதாஞ்சலி என்று ஒரு பெண், வீட்டுக்கணக்கு ஏன் போடவில்லை என்று காலையில் கேட்டால் ராத்திரி கரண்ட் இல்லை, லோட்‌ஷெடிங் என்பாள், மத்தியானம் கேட்டால் நோட்டு மழையில் நனைந்தது என்பாள். ஒரு காரணம் சொன்னால் நான் நம்பிவிடுவேன். இரண்டு சொன்னால் அதற்குப் பெயர் சாக்கு. உன் கம்பெனியும் முதலில் செக்‌ஷனில் வேலையே இல்லை என்றது, கேஸ் வந்தபிறகு அந்த அம்மாள் வேலையில் தப்பு செய்தாள் என்றது. வேலை இல்லாத செக்‌ஷனுக்கு எதற்கு ஒரு இளவட்டத்தைச் சேர்த்தார்கள், டோரதி அம்மாளை அனுப்புவதற்கு முன்பே அவனுக்கு வேலை கற்றுக்கொடு என்று மானேஜர் ஏன் உன்னிடம் சொன்னார் என்று ஜட்ஜ் கேட்டிருக்கிறார். அந்த இடத்தில் உன் பெயர் போட்டிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் நீ வாங்கிய பரிசு எதற்கும் நான் இப்படிப் பூரித்ததில்லை.

அப்பாவுக்குப் பெருமை இல்லை என்று நினைக்காதே. அந்தப் பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு லேக்கில் நடக்கப் போகிறார். கார்டன் ரீச் ஆபீஸில் கூட வேலை பார்த்த ஜம்புநாதன் மாமா, "உம்ம பையன் பேரு கோர்ட் ஆர்டர்ல வந்திருக்காமே, என்ன ஓய், எதைத் திருடினான்?" என்று கேட்டாராம். "சாட்சி ஓய், சாட்சி! நம்ம ஆபீஸ் என்கொயரியில எவனாவது வாயைத் திறந்தானா?" என்று இவர் கத்தியதில் வாக்கிங் வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்களாம். வீட்டுக்கு வந்தால் மறுபடி கவலை. சாட்சி சொன்னவனைப் பழிவாங்கக் கூடாது என்று அங்கே சட்டம் இருப்பதாக நீ எழுதியிருந்ததைப் படித்துக் காட்டினேன். "சரி, விசா பேப்பர்ல கையெழுத்துப் போடறது சட்டமா, அந்த மானேஜரா?" என்றார்.

ஜூரி முன்னால் மறுபடி கேட்கும்போது ஞாபகம் இல்லை என்று சொல்லிவிடு, வேலையும் போகாது, யாரும் பொய் என்று நிரூபிக்கவும் முடியாது என்று உன் சிநேகிதர்கள் சொல்வதாக எழுதியிருக்கிறாய். என்ன செய்யட்டும் என்று நீ கேட்கவில்லை, ஆனால் இதை எனக்கு எழுதியதே கேட்டதுதான். ஐந்து வயதில், ஜலஜா மாமி ஆசையாகக் கொண்டுவந்த சந்தேஷ் இனிப்பைக் கையில் வைத்துக்கொண்டு, "போன தடவை மாமி கொண்டுவந்தது புளிச்சுப்போச்சுன்னு காக்காய்க்குப் போட்டியேம்மா" என்று அவள் எதிரிலேயே கேட்ட பிள்ளை நீ. உனக்கு ஞாபகம் இல்லை என்று அந்த ஊர் ஜூரி வேண்டுமானால் நம்பட்டும், நான் நம்பமாட்டேன். பனியில் கார் ஓட்ட உனக்குச் சொல்லிக்கொடுத்த டோரதி அம்மாள், நீ சொல்வதைக் கேட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்திருப்பாள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல், தெரிந்ததைத் தெரியும் என்று சொல், ஒரு வார்த்தை கூட்டாதே, குறைக்காதே. அதற்கப்புறம் வேலை போனால் போகட்டும். ஹவுரா ஸ்டேஷனுக்கு நாங்கள் ஒரு பெட்டியும் இரண்டு குழந்தைகளுமாக வந்து இறங்கியவர்கள்தான், உன் அறையில் கட்டிலும் விசிறியும் அப்படியே இருக்கின்றன.

எல்லா நன்மையும் பெற்று, பயமில்லாமல் தூங்கி எழுந்திரு. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி. மறக்காமல் போன் செய்.

இப்படிக்கு உன் பெருமையில் இருக்கும்
அம்மா வத்சலா

கடிதத்தை அப்பாவிடம் படிக்கக் கொடுத்தேன். வேண்டாம் என்று எழுதச் சொல்வாரோ என்று பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "பட்டமளிப்புக்குத் தைச்ச நீலக் கோட்டு அங்கேதானே இருக்கு, கோர்ட்டுக்குப் போற அன்னிக்கு அதைப் போட்டுக்கச் சொல்லு" என்றார்.