மூன்றாம் சிலிண்டருக்குப் பின்னால்

முடிச்சூர்
29.1.2024

அன்புள்ள வைத்தி,

கர்த்தர் தயவில் மூச்சு ஓடுகிறது. உனக்குக் காது போனபின் போனில் கத்திப் பயனில்லை. செல்லில் தட்டிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமையில்லை. அதனால் தபால்.

நம் பழைய பீட்டில் காருக்கு டர்போ வைக்கப்போகிறேன். இன்ஜினைப் பிரித்தாயிற்று. தாம்பரம் பட்டறையில் ஒரு இன்ஜினியர் பையன் சிரித்தான். "அங்கிள், இந்த இன்ஜின் கூடு மெக்னீசியம் கேஸ். டர்போ ஏத்துற அழுத்தத்துக்கு நிக்காது. அலுமினியம் கேஸ் வாங்கிப் போடுங்க" என்றான். நான் கல்லூரிக்குப் போகாதவன், ஆனால் கண் இருக்கிறது. சிலிண்டரை இழுத்துப் பிடிக்கும் ஸ்டட்கள்தான் சூட்டில் மெக்னீசியத்தைப் பிய்த்துக்கொண்டு வரும். துளைகளைப் பெரிதாக்கி, மரையுள்ள ஸ்டீல் உறை (புஷ்) முறுக்கி, அதற்குள் ஸ்டட்டை ஏற்றுகிறேன். கேஸின் இரு பாதியும் நழுவாமலிருக்க நடுவில் பின்கள்.

2015 வெள்ளத்தில் வண்டி மூழ்கியபோது சாவி உன்னிடம் இருந்தது. மறக்கவில்லை.

அசரியா

பெரும்பாக்கம்
5.2.2024

அன்புள்ள அசரியா,

சாவி என்னிடம்தான் இருந்தது. படகுக்காரனிடம் உன்னை ஏற்றச் சொன்னேன், வண்டியை அல்ல. அதற்கு இத்தனை வருஷக் கோபம்.

வெள்ளத்தில் ஊறிய கேஸ் அது. உள்ளே எவ்வளவு அரித்திருக்கிறதோ. டர்போ வேண்டாம். 26ஆம் தேதி கிரீஷ் என்னையும் சாவித்ரியையும் புனேவுக்கு அழைத்துப்போகிறான். இனி மகன் வீட்டோடுதான். 25 ஞாயிறு காலை, இன்ஜினை இருந்தபடியே பூட்டி வண்டியை எடுத்து வா. வண்டலூர் வரை ஒரு சுற்று. சத்தம் கேட்காது, ஆனால் சீட் வழியாக முதுகில் ஏறுமே, அது போதும் எனக்கு. கேட்டில் நிற்பேன்.

சாவித்ரி உனக்கு ஊறுகாய் எடுத்து வைத்திருக்கிறாள்.

வைத்தீஸ்வரன்

முடிச்சூர்
12.2.2024

அன்புள்ள வைத்தி,

இருந்தபடியே ஓட்ட நான் என்ன டாக்ஸிக்காரனா? ஞாயிறு வருவேன், டர்போவோடு வருவேன். முதுகில் ஏறுவது என்றால் என்னவென்று அன்றைக்குத் தெரியும் உனக்கு. அரிப்பைச் சுரண்டி எடுத்துவிட்டேன். பயப்படாதே.

அசரியா

முடிச்சூர்
27.2.2024

அன்புள்ள வைத்தி,

சனிக்கிழமை பெருங்களத்தூர் பாலத்தில் ஏற்றிப் பார்த்தேன். பாதி மேட்டில் டர்போ பிடித்தது. வண்டி அப்படிப் பாய்ந்து நான் பார்த்ததில்லை. பாலத்தின் உச்சியில் ஆயில் கொட்டியது. மூன்றாம் சிலிண்டருக்குப் பின்னால் கேஸ் விரிந்திருக்கிறது. நான் போட்ட ஸ்டீல் ஒன்றுகூட அசையவில்லை. அதைச் சுற்றியிருந்த பழைய மெக்னீசியம்தான் கிழிந்தது. என் வேலையில் குறையில்லை.

ஞாயிறு பஸ்ஸில் வந்தேன். இஸ்திரி போட்ட சட்டையில் கேட்டில் நின்றாய், கையில் ஊறுகாய் பாட்டில். நான் எதிர்ப்பக்கம் ஸ்டாப்பில். வெறுங்கையோடு எப்படிக் கடந்து வருவது? "வைத்தி" என்று கூப்பிட்டேன். நீ கார் வரும் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாய். இரண்டாம் தடவை கூப்பிடவில்லை. வெயில் ஏறியதும் சாவித்ரி வந்து உன் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள்.

ரோட்டைத் தாண்டி வந்து தோளைத் தொட்டிருக்கலாம் என்பாய். நீயும் ஒரு தடவை இந்தப் பக்கம் திரும்பியிருக்கலாம்.

புனே விலாசத்தை நீ எழுதவில்லை. இதைப் பெரும்பாக்கத்துக்கே போடுகிறேன்.

அசரியா