பூனை வழி

குமணன்சாவடி
4 மார்ச் 1936

அன்புள்ள உலகநாதா,

இந்த வீட்டைப் பாழாக்கியது மழையல்ல, உன் குடும்பம். பதினாறு வருஷம் பூட்டிவைத்துவிட்டு ரங்கூனில் உட்கார்ந்தால் கறையான் உத்திரத்தைத் தின்னாமல் என்ன செய்யும்? ஆனால் கும்பெனி துரை கட்டிய சுவர் இன்னும் திடம். கடுக்காய்த் தண்ணீர் விட்டு அரைத்த சுண்ணாம்பையே பூசுகிறோம். நீ கேட்ட புது அறை கிழக்கே எழும்புகிறது. தளம் சிமென்ட், கூரைக்குப் பழைய வீட்டின் அதே சரிவு, அதே ஓடு.

ஒரு விசித்திரம். பின்சுவரில் பூச்சை உதிர்த்தால், செங்கல் வைத்து அடைத்த ஒரு துவாரம். முழங்கால் உயரம், தட்டு அகலம். இரண்டு செங்கல்லைப் பெயர்த்துப் பார்த்தால், உட்பக்கக் கல் வழவழவென்று தேய்ந்திருக்கிறது. ஹாஜா மொய்தீன் மேஸ்திரி கைவிட்டுத் துழாவி, "ஜலதாரையும் இல்ல, ஜன்னலும் இல்ல. இன்னாத்துக்கு சார் இது?" என்கிறார். இரண்டு நாளாக எனக்கு வேறு யோசனையே ஓடவில்லை. உனக்குத் தெரியுமா?

உன்
தசரதன்

ரங்கூன்
17 மார்ச் 1936

அன்புள்ள தசரதா,

திட்டுவதற்காவது எழுதினாயே, சந்தோஷம். வசந்தா புது அறையில் எத்தனை ஜன்னல் என்று தினமும் கேட்கிறாள். சித்திரையில் அவளும் நானும் குழந்தைகளோடு வந்துவிடுவோம்.

அது பூனை வழி. பெரிதாக ஒன்றுமில்லை, அடைத்துவிடு.

உன்
உலகநாதன்

குமணன்சாவடி
2 ஏப்ரல் 1936

உலகநாதா,

நீ அடைக்கச் சொன்னாய். எனக்கு மனம் வரவில்லை. பழையதைத் திறந்துவிட்டு, ஜோடி பொருந்தட்டுமென்று புதுச் சுவரிலும் அதே அளவில் ஒன்று வைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

சாந்து சுமக்கும் நாகம்மாள் அதைப் பார்த்துக் கூடையை இறக்கினாள். "இன்னா நைனா, பழசு ஒண்ணு போதாதா? புச்சா வேற கட்டிகினு கீறியே, இதுல யாரு கை நீட்டணும்?"

உங்கள் கழனியில் அறுத்தவர்களுக்கு அதன் வழியாகத்தான் கூலி நெல்லாம். வெளியே மண்டியிட்டு முந்தானை ஏந்த வேண்டும். உள்ளேயிருப்பவர் முகம் தெரியாது, கை மட்டும் தெரியும். வீட்டைப் பூட்டுமுன் கடைசி வருஷம் அளந்தது பிள்ளைக் கை. "கட்டவெரல்ல சுட்ட தழும்பு. மியாவ்னு கத்தினாத்தான் படி சாயும். எங்கம்மா கத்திச்சு. நானும் கத்தினேன்."

உன் விரலில் அந்தத் தழும்பை உண்டாக்கிய பட்டாசை நாம் இருவரும்தான் கொளுத்தினோம்.

புதுத் துவாரத்தை அன்றைக்கே இடித்துவிட்டேன். பழையது இருக்குமிடத்தில் ஆள் உயர வாசல் வைக்கட்டுமா? நீ உள்ளே இருக்கும்போது அவள் நிமிர்ந்து நடந்து வர வேண்டும்.

தசரதன்

குமணன்சாவடி
20 ஜூன் 1936

உலகநாதா,

சித்திரை போயிற்று, வைகாசியும் போயிற்று. நீ வரவில்லை, எழுதவுமில்லை. ஓடு வேய்ந்தாயிற்று. பழையது எங்கே முடிகிறது, புதியது எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை என மேஸ்திரிக்குப் பெருமை.

வாசலுக்குச் சுவரில் கரிக்கோடு போட்டிருக்கிறேன். வீடு உன்னுடையது, உன் சொல் இல்லாமல் கடப்பாரை வைக்க முடியாது. நடுவில் அந்தத் துவாரம் அப்படியே திறந்து கிடக்கிறது. அன்று கூடையை இறக்கிவைத்துப் போன நாகம்மாள் வேலைக்குத் திரும்பவில்லை. நேற்று மட்டும் வந்து தெருவிலேயே நின்று, "உன் சிநேகிதரு இன்னா சொன்னாரு?" என்றாள். "தபால் வரவில்லை" என்றேன். "வராது நைனா" என்று சிரித்தாள்.

எனக்கு எழுத வேண்டாம். அவளுக்கு எழுது. உரக்கப் படித்துக்காட்ட நான் இருக்கிறேன்.

தசரதன்