ரவைப் பை கனத்தில் ஒரு லென்ஸ்

அக்கா,

பயணப் பெட்டி கட்டிலின் மேல் வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறது. மதுரைக்குப் போகிறோம். பிள்ளைகளையும் அவரையும் அங்கே விட்டுவிட்டு, நான் மட்டும் சில நாட்கள் யாழ்ப்பாணம் போய் வருவதாகத் திட்டம். துணிமணி எல்லாம் அடுக்கியாகிவிட்டது. உங்கள் லென்ஸோடு என்னுடையதையும் எடுத்துப் போவதா என்பதில்தான் காலையிலிருந்து மாட்டிக்கொண்டு நிற்கிறேன். என் பெரிய லென்ஸையும் வைத்தால் கைப்பையில் ஒரு சீப்புக்குக்கூட இடம் இருக்காது. அலமாரியின் மேல்தட்டிலிருந்து உங்களுடையதை எடுத்தேன். உறையைத் திறந்ததும் தைல வாசனை. தோளிலும் கையிலும் நீங்கள் தேய்த்துக்கொள்ளும் தைலம், லென்ஸின் ரப்பர் வளையத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. சன்னலுக்கு வெளியே ஸ்ட்ராத்ஃபீல்ட் பக்கம் போகும் ரயிலின் சத்தம். லென்ஸை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

உங்களிடம் சொல்ல எனக்கு ஒரு செய்தி இருக்கிறது. எடுத்த எடுப்பில் சொல்ல வரவில்லை, சுற்றி வளைத்துத்தான் வருவேன். என் சுபாவம் உங்களுக்குத் தெரியும்.

நமக்குள் பழக்கமானதே கேமராவால்தான். ஹோம்புஷில் ஒரே மாடி, எதிரெதிர்க் கதவுகள். சனிக்கிழமைகளில் என் மகனின் கிரிக்கெட்டுக்கு நான் அந்தப் பீரங்கி லென்ஸைச் சுமந்துகொண்டு போவதைப் பார்த்து லிஃப்டில் ஒருநாள் கேட்டீர்கள். "அதாலை பாத்தா எவ்வளவு தூரம் தெரியும்?" மைதானத்தின் அந்தக் கோடியில் நிற்கிறவரின் மீசைகூடத் தெரியும் என்று பெருமையடித்துக்கொண்டேன். அடுத்த சனிக்கிழமை, மெரிலேண்ட்ஸ் முதியோர் இல்லத்து வேலையை முடித்துவிட்டு, சீருடையோடு நேரே மைதானத்துக்கே வந்துவிட்டீர்கள். என்னைவிட மூத்தவர், ஆனாலும் என்னை 'நீர்' என்றுதான் அழைப்பீர்கள். எங்கள் ஊரில் அப்படிப் பேசினால் ராஜா மந்திரியிடம் பேசுகிறார் என்று நினைப்பார்கள். முதலில் எனக்குச் சிரிப்பாக இருந்தது. இப்போது அந்த 'நீர்' இல்லாமல் நாக்கு செத்துப்போன மாதிரி இருக்கிறது, கேட்கிற காதுக்கும் நாக்கு உண்டென்றால்.

அன்றைக்கு என் கேமராவை வாங்கிக் கண்ணில் வைத்தவர் வெகுநேரம் இறக்கவில்லை. படம் எதுவும் எடுத்ததாகவும் தெரியவில்லை. மைதானத்தின் அந்தப் பக்கத்தில் யாரோ ஒரு அம்மா தன் பையனுக்குத் தொப்பி மாட்டிவிட்டுக்கொண்டிருந்தார். அதையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"முகம் கைக்குக் கிட்ட வருது, என்ன?" என்றீர்கள்.

பிறகுதான் மகளைப் பற்றிச் சொன்னீர்கள். பள்ளிக்கூடம் போகிற வயதுகூட ஆகாத பிள்ளையைத் தங்கையிடம் விட்டுவிட்டுப் படகேறி இந்த நாட்டுக்கு வந்தது. ஓரிரு வருடத்தில் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தது. தற்காலிக விசாவில் கூப்பிடவும் முடியாமல், போய்ப் பார்க்கவும் முடியாமல் பத்து வருடத்துக்கு மேல் ஓடிப்போனது. பிள்ளையும் ஓடினாள். பள்ளிக்கூடத்தில் அவள்தான் வேகக்காரி. தங்கை ஒவ்வொரு வருடமும் போனில் வீடியோ எடுத்து அனுப்புவார். "அதிலை பிள்ளை எறும்பு மாதிரி ஓடுது. எது என்ரை எறும்பு எண்டே தெரியேல்லை." சிரித்துக்கொண்டுதான் சொன்னீர்கள். எனக்குச் சிரிக்க வரவில்லை.

அதன் பிறகு இரண்டு விஷயங்கள் அடுத்தடுத்து வந்தன. முதலில் மார்பில் கட்டி, அறுவைச் சிகிச்சை, அதனால் வீங்கிப்போன இடக்கை. அடுத்து நிரந்தர விசா. வருகிற வரிசையைப் பாருங்கள் என்று நான் கடவுளைத் திட்டியபோது, "விசாவாவது வந்ததே" என்று என்னை அடக்கினீர்கள். மகளைக் கூப்பிடுகிற விண்ணப்பம் ஒருபக்கம் நடக்கட்டும், பள்ளி விளையாட்டுப் போட்டிக்குள் ஒருமுறை போய் வந்துவிட வேண்டும் என்பது உங்கள் திட்டம். "அவள் ஓடேக்கை முகத்தைப் பாக்க வேணும். படமும் எடுக்க வேணும். அதுக்கு ஒரு லென்ஸ் சொல்லும்."

லென்ஸ் என்று யாராவது கேட்டுவிட்டால் எனக்குத் தலைகால் புரியாது. என் பழைய கேமராவை உங்களுக்குக் கொடுத்துவிட்டு, பாடம் எடுக்கத் தொடங்கினேன். கண்ணாடி பெரிதாக இருந்தால் வெளிச்சம் நிறைய உள்ளே வரும், ஓடுகிற காலை அப்படியே நிறுத்திப் படமெடுக்க அந்த வெளிச்சம் வேண்டும், ஆகவே என்னுடையதைப் போன்ற கனத்த லென்ஸ்தான் சரி. கனமில்லாத ஜூம் லென்ஸ் பார்க்க அழகாக இருக்கும், கொஞ்சம் இருட்டினால் படம் கலங்கிவிடும். இதையெல்லாம் சோஃபாவில் சாய்ந்துகொண்டு சொன்னேன். லென்ஸைத் தாங்குவது இடக்கை என்பது எனக்கு அப்போது உறைக்கவே இல்லை.

"யாழ்ப்பாணத்து மைதானத்திலை மத்தியானம் இருட்டுமோ?" என்று கேட்டீர்கள். "அங்கை வெயில் எரிச்சுக் கொட்டும். வெளிச்சத்துக்கு நான் ஏன் இங்கையிருந்து பாரம் தூக்கிக்கொண்டு போக வேணும்?"

ஒற்றைக்கால் ஸ்டாண்ட் ஒன்று வாங்கி லென்ஸை அதில் நிறுத்தலாமே என்றேன். "அத்தனை வருசத்துக்குப் பிறகு பிள்ளைக்கு முன்னாலை தடியோடை போய் நிக்கச் சொல்லுறீரோ?"

அப்புறம்தான் உங்கள் சமையலறையில், நீங்கள் சொல்கிற குசினியில், அந்தக் கூத்து நடந்தது. உலகத்தில் வேறு யாரும் லென்ஸை அப்படித் தேர்ந்தெடுத்திருக்க மாட்டார்கள். என் லென்ஸின் கனத்துக்கு ஒரு கிலோ மைசூர்ப் பருப்பையும் அதன்மேல் ஒரு தேயிலைப் பெட்டியையும் அடுக்கி, இடக்கையில் ஏந்தி, கண்ணுக்கு நேரே பிடித்தீர்கள். கேத்திலில் தண்ணீர் கொதிக்கிற வரை தாங்க வேண்டும் என்று கணக்கு. நான் போட்டி நடத்துகிற வாத்தியார். "இப்ப ஓட ஆரம்பிச்சுட்டா, அக்கா. வளைவுல வர்றா. இறக்காதீங்க." கேத்தில் முனகத் தொடங்குவதற்குள் கை நடுங்கிப் பெட்டி சரிந்தது. அடுத்து சீனிப் பை, அதுவும் தேறவில்லை. கடைசியாக ஒரு அரைக் கிலோ ரவைப் பை. கேத்தில் டக்கென்று அணைந்த பிறகும் நீங்கள் அதை இறக்கவில்லை. மாலை வெயில் சன்னல் வழியாக உங்கள் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. ரவைப் பைக்குப் பின்னால் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, இல்லாத மைதானத்தில் இல்லாத பிள்ளையைத் தொடர்ந்து மெல்லத் திரும்பினீர்கள். அவள் எல்லைக் கோட்டைத் தாண்டிய பிறகுதான் கையை இறக்கினீர்கள் என்று நினைக்கிறேன்.

"இந்தக் கனத்திலை ஒண்டு பாரும்" என்றீர்கள்.

நகரத்துக் கடையில் விற்பனையில் இருந்தவர் கூர்மை, நிறம், நடுக்கத்தைச் சமாளிக்கும் வசதி என்று அடுக்கினார். நானும் அவருக்குச் சளைக்காமல் பேசினேன். நீங்கள் மூன்று லென்ஸ்களைக் கையில் வாங்கிப் பார்த்து, இரண்டை உடனே திருப்பிக் கொடுத்தீர்கள். மூன்றாவதை மாட்டிக்கொண்டு கடை வாசலில் போய் நின்றீர்கள். ரவைப் பையைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். வீதிக்கு அந்தப் பக்கம் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் ஒவ்வொருவராக உங்களருகே வந்து போனார்கள். மழை தூறியது உங்களுக்குத் தெரியவில்லை. "இது காணும்", இதுவே போதும் என்று நீங்கள் சொன்னபோது நான் விலையைக்கூடப் பார்க்கவில்லை.

அந்தக் குளிர்காலம் முழுக்கப் பழகினீர்கள். பூங்காவில் பந்தைத் துரத்தும் நாய்கள்தான் உங்கள் ஓட்டக்காரிகள். எத்தனை வால் படம். "நான் நாய் போன இடத்தைத்தான் எடுக்கிறன்" என்று அலுத்துக்கொள்வீர்கள். வரப்போகிற இடத்தில் போய்க் காத்திருங்கள் என்று நான் நச்சரிப்பேன். ஒருமுறை திமிங்கிலம் பார்க்கக் கடற்பாறைக்குப் போனோம். பனியும் கடலும் ஒன்றாகிக் கிடந்த காலை அது, எங்கே தண்ணீர் முடிகிறது என்றே தெரியவில்லை. வளையத்தைத் திருகி அலைகளைக் கிட்டே கொண்டுவந்தவர், சற்று நேரத்தில் திருகித் திரும்பத் தூரத்துக்கே அனுப்பிவிட்டீர்கள். "கடல் அங்கையே நிக்கட்டும்." அன்று திமிங்கிலம் வந்தது, நான் எடுத்தேன். நீங்கள் பாறையில் ஓடிய குழந்தைகளை எடுத்தீர்கள். கால், கை, முகம் எல்லாம் தெளிவாக, ஒரு படம்கூடக் கலங்காமல்.

யாழ்ப்பாணம் போய் ஒரு மாதம் இருந்துவிட்டு வந்தீர்கள். விமான நிலையத்திலிருந்து காரில் வரும்போது நான் ஆயிரம் கேள்வி கேட்டேன். "நல்ல பிள்ளை. நல்ல மரியாதை. தேத்தண்ணி கொண்டுவந்து தந்தவள்." அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து, காலணியைக் கழற்றும்போது, தரையைப் பார்த்தபடி மீதியைச் சொன்னீர்கள். அவள் உங்கள் தங்கையைத்தான் அம்மா என்று கூப்பிடுகிறாள். "என்னை ஒண்டும் சொல்லிக் கூப்பிடேல்லை. கிட்ட வந்து கதைச்சிட்டுப் போவாள். கூப்பிடேல்லை."

பிறகு அந்தப் படத்தைக் காட்டினீர்கள். மைதானத்தின் மறுகரையில் நின்று எடுத்தது. கை கடைசிவரை தாங்கியதாம். பந்தயத்தின் முடிவுக்குச் சற்று முன்னால், உங்கள் மகள் முன்னே பார்க்காமல் பக்கவாட்டில் முகத்தைத் திருப்பியிருக்கிறாள். நேரே லென்ஸுக்குள் பார்க்கிற கண்கள். புருவத்தில் வியர்வை தெரிகிறது, நெற்றியில் ஒட்டிய முடி தெரிகிறது. படத்தின் ஓரத்தில், பக்கத்துத் தடத்தில் ஓடிய பெண்ணின் தோள் மங்கலாக. அப்படித் திரும்பியதில்தான் மகள் இரண்டாவதாக வந்தாளாம்.

"என்னைப் பாத்தவளோ, பக்கத்திலை ஓடினவளைப் பாத்தவளோ?" என்று கேட்டீர்கள்.

மடிக்கணினியில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தோம். தூரத்தைக் கிட்டே இழுக்கும் லென்ஸின் குணமே அதுதான், இடையில் இருக்கிற தூரத்தையெல்லாம் அமுக்கிவிடும். பக்கத்துத் தடமும் மறுகரையும் ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்ட மாதிரி இருக்கும். பார்வை அந்தத் தோளில் நின்றதா, அதைத் தாண்டி உங்களிடம் வந்ததா என்று படத்தை வைத்துச் சொல்ல முடியாது. "உங்களைத்தான் அக்கா" என்று நான் அடித்துச் சொன்னேன். "உமக்குத் தெரியாது. என்ரை சந்தோசத்துக்குச் சொல்லுறீர்" என்றீர்கள். உண்மைதான், எனக்குத் தெரியாது. அவளிடமே கேளுங்கள் என்றேன். அதற்கு மட்டும் நீங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. "இல்லை எண்டு சொல்லிப்போட்டாள் எண்டால்?"

அதன் பிறகு நோய் திரும்பி வந்தது. மருத்துவமனைக் கட்டிலில் சாய்ந்துகொண்டு போனில் அந்தப் படத்தைப் பார்ப்பீர்கள், நான் உள்ளே வந்தால் போனைக் கவிழ்த்து வைப்பீர்கள். லென்ஸை மகளிடம் சேர்க்கச் சொன்னீர்கள். படத்தைப் பற்றி மறுபடி பேசவே இல்லை. அவளுக்கு விசா கிடைத்து வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இறுதிச் சடங்கை அவள் போனில்தான் பார்த்தாள்.

நேற்று அவளோடு பேசினேன், அக்கா. நான் வருகிற தேதியையும், லென்ஸ் கொண்டுவருவதையும் சொல்லத்தான் கூப்பிட்டேன். எல்லாவற்றுக்கும் "ஓம் அன்ரி", "சரி அன்ரி" என்று ஒரே ஒரு சொல்லாகப் பதில். வைக்கப் போகும்போது என் வாய் சும்மா இருக்கவில்லை. நீங்கள் உயிரோடு இருந்தால் என்னை முறைத்திருப்பீர்கள்.

"அந்த வருஷம் ஓட்டத்துல நீ திரும்பிப் பாத்தியே, அது உன் பக்கத்துல ஓடின பொண்ணையா?"

அந்தப் பக்கம் ஒரு மோட்டார் சைக்கிள் போனது, காகம் கரைந்தது. போனை வைத்துவிட்டாளோ என்று நினைத்தேன்.

"அவளை நான் ஏன் பாக்கப்போறன் அன்ரி? அவள் எனக்குப் பின்னாலைதானே வந்தவள். நான் திரும்பினதாலைதான் முந்தினவள்."

"அப்புறம்?"

"அம்மா நிக்கிறாவோ, போயிட்டாவோ எண்டு பாத்தனான்."

அம்மா என்றாள், அக்கா. உங்களைத்தான். வேலை இருக்கிறது என்று ஏதோ சொல்லிப் போனை வைத்துவிட்டு அழுதேன். சின்ன வயதில் ஒருநாள் திரும்பிப் பார்த்தபோது நீங்கள் இல்லாமல் போனீர்கள். அவள் அதன் பிறகு எத்தனை முறை திரும்பிப் பார்த்திருப்பாளோ, நமக்குத் தெரியாது.

இந்தப் பதிலை உங்களிடம் கொண்டுவந்து சேர்க்க எந்த விமானமும் இல்லை. ஆகவே நான்தான் வைத்துக்கொண்டு நடக்கிறேன், சமைக்கும்போதும் ரயிலில் நிற்கும்போதும். முதல் இடத்தை விட்டுக்கொடுத்து அவள் திரும்பியபோது, வெயிலில், வீங்கிய கையில் லென்ஸை ஏந்திக்கொண்டு நீங்கள் நின்றுகொண்டுதான் இருந்தீர்கள். அதை அவள் பார்த்துவிட்டாள்.