ஊர்வலத்தில் நின்றவர்

கொட்டாஞ்சேனை,
12.10.2008

அன்புள்ள அத்தான்,

தபாலை நம்பாமல், லண்டன் வரும் பேர்ணடெற் அக்காவிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

நீங்கள் பென்டிரைவில் அனுப்பிய வீடியோக்கள் எங்கள் டிவிடி பிளேயரில் ஓடவில்லை. மாற்றித் தரச்சொல்லி மக்கீன் நானாவின் கடைக்குக் கொண்டுபோனேன். மகளுக்கான பிறந்தநாள் வாழ்த்து மட்டும்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். அவர் கொம்பியூட்டரில் போட்டதும், ஏதோ ஊர்வலத்தில் நீங்கள் புலிக்கொடியோடு நின்றீர்கள்.

"தங்கச்சி, இது உங்கட மாப்பிள்ளையா?"

"இல்லை நானா, ஆரோ தெரியாத ஆள்."

"அப்ப இது வேணாந்தானே" என்று என் கண்முன்னே அதை அழித்துவிட்டு, மிச்சத்தை டிஸ்க்கில் அடித்துத் தந்தார். அதற்கு முன்பே பிரதி எடுத்திருப்பாரோ?

இன்று சந்தியில் கண்டு, "மாப்பிள்ளை சுகமா?" என்றார். அன்பா மிரட்டலா, தெரியவில்லை.

இனி அப்படி எதுவும் அனுப்பாதீர்கள். உங்களைத் தெரியாதென்று இன்னொருமுறை என்னால் சொல்ல முடியாது.

உங்கள் மனைவி